தனுஷ்கோடி: மூடப்பட்ட ஒரு புகையிரத நிலையத்தின் வரலாறு

க.பொ.த. (சாதாரண தரம்) வரலாறு – துணைப் பாடம்

மாணவர்களே, பிரித்தானியர் காலப் போக்குவரத்து அபிவிருத்தி பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும்போது கொழும்பு – கண்டிப் பாதை, மலைநாட்டுப் பாதை, வடக்குப் பாதை ஆகியவற்றை நீங்கள் குறிப்பிடுவதுண்டு. ஆனால் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் பாதையைப் பலரும் ஒரு வரியுடன் விட்டுவிடுகின்றனர். அப்பாதை ஏன் கடற்கரையில் சென்று முடிந்தது என்பதை விளங்கிக்கொள்ள, கடலுக்கு அப்பால் இருந்த தனுஷ்கோடி என்னும் சிறிய புகையிரத நிலையத்தின் வரலாற்றை அறிய வேண்டும். இந்நிலையம் 1914 இல் சர்வதேச முக்கியத்துவம் பெற்று, 1964 இல் ஒரே இரவில் அழிந்து, பின்னர் ஒருபோதும் திறக்கப்படாமற் போனது.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• தனுஷ்கோடி – தலைமன்னார் இணைப்பு ஏற்படுத்தப்பட்ட காரணங்களை விளக்குவீர்கள்.
• மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றுடன் அவ்விணைப்புக்குள்ள தொடர்பை எடுத்துக்காட்டுவீர்கள்.
• ஒரு புகையிரத நிலையம் மூடப்படுவதற்கான காரணங்களை வகைப்படுத்துவீர்கள்.

1. அமைவிடம்

தனுஷ்கோடி இந்தியாவின் தமிழ்நாட்டில், இராமேசுவரம் தீவின் (பாம்பன் தீவு) தென்கிழக்கு முனையில் உள்ளது. இது இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணற்றிட்டாகும். வடக்கே பாக்கு நீரிணைப் பகுதியும் தெற்கே மன்னார் வளைகுடாவும் அமைந்துள்ளன. இம்முனையிலிருந்து மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரை நோக்கி, ஆதாம் பாலம் (இராமர் அணை) எனப்படும் மணற்றிட்டுத் தொடர் செல்கின்றது. அப்பகுதிக் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் அதனூடாகச் செல்ல முடியாது.

இந்தியாவையும் இலங்கையையும் இணைப்பதற்கு மிகக் கிட்டிய இடம் இதுவே. இந்த அனுகூலமே நிலையம் தோன்றக் காரணமாயிற்று. தாழ்ந்த, ஒடுங்கிய, இருபுறமும் கடல் சூழ்ந்த நிலம் என்ற பிரதிகூலமே பின்னர் அதன் அழிவுக்கும் காரணமாயிற்று. அமைவிடம் பற்றிய இவ்விரு கருத்துக்களையும் சேர்த்து எழுதும் விடை முழுமையானதாகும்.

2. இணைப்பு ஏற்படுவதற்கு முன்னைய நிலை

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவடைந்தது. தோட்டங்களில் வேலை செய்வதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். இவர்களுட் பலர் சிறு படகுகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். இவ்வழி வடபாதை எனப்பட்டது. பசி, தாகம், கொலரா முதலிய நோய்கள் காரணமாக வழியிலேயே இறந்தோர் பலர்.

1869 இல் கண்டறியப்பட்ட இலைநோயினால் கோப்பிச் செய்கை வீழ்ச்சியுற்று, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே கூடுதலான தொழிலாளர் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் நிரந்தரத் தொழிலாளர் தேவை. ஆகவே பெருந்தொகையான மக்களை ஒழுங்காகக் கொண்டுவரும் போக்குவரத்து வழி தோட்ட உரிமையாளர்க்கும் அரசாங்கத்துக்கும் இன்றியமையாததாயிற்று.

1914 இற்கு முன்னர் சென்னையிலிருந்து வரும் பயணி தூத்துக்குடி வரை புகையிரதத்திலும், அங்கிருந்து கொழும்பு வரை கப்பலிலும் பயணஞ் செய்தார். இது நீண்ட கடற்பயணமாகும்.

3. இணைப்பின் தோற்றம் – 1914

இந்தியக் கரையில் இருந்த முதலாவது தடை, பெருநிலப் பரப்புக்கும் பாம்பன் தீவுக்கும் இடையிலுள்ள கடலாகும். இதன் மீது பாம்பன் பாலம் அமைக்கும் வேலை 1911 இல் தொடங்கி, 1914 பெப்ரவரி 24 அன்று பாலம் திறந்துவைக்கப்பட்டது. இதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர். கப்பல்கள் கடந்து செல்வதற்காக இதன் ஒரு பகுதி மேலே தூக்கித் திறக்கக்கூடியதாக அமைக்கப்பட்டிருந்தது. பாலத்தைக் கடந்த பாதை பாம்பனிற் பிரிந்து, ஒரு கிளை இராமேசுவரத்துக்கும் மற்றையது தனுஷ்கோடிக்கும் சென்றது.

இலங்கைக் கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீற்றர் நீளமான பாதை அமைக்கப்பட்டது. செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை முதலியன இப்பாதையிலுள்ள நிலையங்களாகும். இறுதி நிலையம் கடலோரத்தில் அமைந்த தலைமன்னார் இறங்குதுறையாகும். மக்கள் வழக்கில் இது தலைமன்னார் பியர் எனப்படும்.

இரு இறங்குதுறைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 22 மைல் (35 கிலோமீற்றர்) தூரத்துக்கு நீராவிக் கப்பல்கள் சேவையில் ஈடுபட்டன. பயணி ஒருவர் சென்னையில் ஒரே பயணச்சீட்டைப் பெற்று, புகையிரதம் – கப்பல் – புகையிரதம் என மாறி மாறிக் கொழும்பை வந்தடையலாம். கப்பலுடன் இணைந்த இப்புகையிரதம் ‘போட் மெயில்’ என அழைக்கப்பட்டது.

கேள்வி: ஏன் கடலின் மேல் பாலம் அமைத்து ஒரே புகையிரதத்தை ஓடவிடவில்லை?
விடை: ஆதாம் பாலத்தின் மேலாகப் பாதை அமைப்பது பற்றி ஆலோசிக்கப்பட்ட போதிலும் அது நிறைவேறவில்லை. மேலும், இரு பக்கத்துப் பாதைகளின் அகலமும் வேறுபட்டன. இலங்கையின் பிரதான பாதைகள் 5 அடி 6 அங்குல (1676 மி.மீ.) அகலப் பாதைகள். தனுஷ்கோடிக்கு வந்த தென்னிந்தியப் பாதை மீற்றர் (1000 மி.மீ.) பாதை. ஆகவே பாலம் இருந்திருப்பினும் ஒரே பெட்டியில் சென்னையிலிருந்து கொழும்புக்கு வருதல் இயலாது.

4. தனுஷ்கோடி நிலையத்தின் பணி

கடலோரச் சிற்றூராக இருந்த தனுஷ்கோடி, இணைப்பு ஏற்பட்ட பின்னர் எல்லைத் துறைமுகமாக மாறியது. புகையிரத நிலையத்தைச் சுற்றிச் சுங்கச் சாவடி, தபாற் கந்தோர், பாடசாலை, வைத்தியசாலை, தேவாலயம் முதலியன இருந்தன. மீனவர், புகையிரத ஊழியர், சுமை தூக்குவோர், வியாபாரிகள் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். இந்நிலையத்தைப் பயன்படுத்தியோரை மூன்று பிரிவினராக நோக்கலாம்.

(அ) தோட்டத் தொழிலாளர்: கங்காணி முறையின் கீழ்த் திரட்டப்பட்டோர் முதலில் மண்டபம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்திய மண்ணில் அமைந்திருந்த போதிலும் இம்முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கமாகும். அம்மை, கொலரா முதலிய நோய்கள் பரவாதிருக்கும் பொருட்டு அங்கு சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னரே அவர்கள் தனுஷ்கோடிக்கு அனுப்பப்பட்டனர். கடலைக் கடந்ததும் தலைமன்னாரிலிருந்து மீண்டும் புகையிரதத்தில் மலைநாடு சென்றனர்.

(ஆ) வியாபாரிகளும் பொதுப் பயணிகளும்: தென்னிந்திய வர்த்தகர், உத்தியோகத்தர், மாணவர், உறவினரைக் காணச் செல்வோர் ஆகியோர் இவ்வழியைப் பயன்படுத்தினர்.

(இ) யாத்திரிகர்: இராமேசுவரத்துக்கும் தென்னிந்தியாவின் ஏனைய தலங்களுக்கும் சென்ற இலங்கை இந்துக்களுக்கு இதுவே இலகுவான வழியாயிற்று.

வடபாதையில் நடந்து இறந்தோரின் நிலையுடன் ஒப்பிடும்போது புகையிரதமும் கப்பலும் பயணத்தின் ஆபத்தைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் கங்காணியிடம் பட்ட கடனும் தோட்டத்தில் காத்திருந்த கட்டுப்பாடுகளும் இதனால் நீங்கிவிடவில்லை. பயணம் எளிதானது என்பதையும் வாழ்க்கை எளிதானது என்பதையும் ஒன்றாகக் கருதலாகாது.

5. முக்கியத்துவம் குறைதல் (1939 – 1964)

சூறாவளி வீசுவதற்கு முன்னரே இவ்விணைப்பின் பயன்பாட்டைப் பாதிக்கக்கூடிய மாற்றங்கள் பல ஏற்பட்டிருந்தன.

• 1939 இல் இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. இணைப்பு ஏற்படுத்தப்பட்டதன் பிரதான நோக்கங்களுள் ஒன்று இதனால் இல்லாமற் போயிற்று.
• 1947 இல் இரத்மலானையிலிருந்து சென்னைக்கு ‘எயார் சிலோன்’ விமான சேவை தொடங்கியது. வசதி படைத்தோர்க்கு மாற்று வழி கிடைத்தது.
• 1947 இல் இந்தியாவும் 1948 இல் இலங்கையும் சுதந்திரம் பெற்றன. ஒரே பேரரசின் கீழ் இருந்த இரு கரைகள் இரு நாடுகளின் எல்லைகளாயின.
• 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர்.
• 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஏறத்தாழ 975,000 நாடற்றவருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென இணங்கின. எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதெனக் கூறப்பட்டது. 1974 இல் அத்தொகை இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது.

இங்கு மாணவர் கவனிக்க வேண்டியது யாதெனில், மக்களை இலங்கைக்குக் கொண்டுவந்த அதே வழி, இப்போது அவர்களைத் திருப்பி அனுப்பும் வழியாக மாறவிருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் முடிவதற்குள் தனுஷ்கோடி அழிந்தது.

6. 1964 டிசெம்பர் சூறாவளி

1964 டிசெம்பரில் வங்காள விரிகுடாவில் உருவாகிய தாழமுக்கம் பெருஞ்சூறாவளியாக வலுப்பெற்று மேற்கு நோக்கி நகர்ந்தது. டிசெம்பர் 22 இல் அது இலங்கையின் வட பகுதியைக் கடந்தது. வவுனியா, மன்னார், யாழ்ப்பாணம் முதலிய பிரதேசங்கள் கடும் சேதமடைந்தன. அன்றிரவு சூறாவளி தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றருக்கும் மேலாக இருந்ததென மதிப்பிடப்பட்டது. பல மீற்றர் உயரத்துக்கு எழுந்த கடல் ஒடுங்கிய மணற்றிட்டின் மேலாகப் பாய்ந்தது.

அவ்வேளை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் புகையிரதம், நிலையத்தை நெருங்கிய நிலையில் கடல் அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளும் ஊழியர்களும் உயிரிழந்தனர். நிலையம், இறங்குதுறை, குடியிருப்புக்கள், தேவாலயம் யாவும் சிதைந்தன. இரு நாடுகளிலும் மொத்தமாக ஏறத்தாழ 1,800 பேர் இறந்தனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்களுட் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியியலாளரின் பொறுப்பில் பாலம் 46 நாட்களில் திருத்தப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை திருத்தப்படவில்லை. தனுஷ்கோடி மக்கள் வாழ்வதற்கு ஏற்ற இடமன்று எனச் சென்னை மாநில அரசு அறிவித்தது. எஞ்சியோர் வேறிடங்களுக்குச் சென்றனர். மீனவர் சிலர் மட்டும் பின்னர் குடிசைகள் அமைத்து அங்கு தொழில் செய்யத் தொடங்கினர்.

7. பாலம் திருத்தப்பட்டும் நிலையம் திருத்தப்படாமைக்கான காரணங்கள்

(i) மணற்றிட்டின் இயல்பு மாறவில்லை. மீண்டும் கட்டினாலும் மீண்டும் கடல் புகும் அபாயம் இருந்தது.
(ii) இராமேசுவரத்தில் ஏற்கெனவே புகையிரத நிலையம் இருந்தது. யாத்திரிகரின் தேவையை அதுவே நிறைவு செய்தது. எனவே பாலம் அவசியம், தனுஷ்கோடிக் கிளை அவசியமன்று என்ற நிலை காணப்பட்டது.
(iii) தொழிலாளர் வருகை நின்றுபோனமையால் இணைப்பின் பொருளாதார முக்கியத்துவம் முன்னரைப் போன்று இருக்கவில்லை.

இவற்றுள் முதலாவது இயற்கைக் காரணம். மற்றைய இரண்டும் மனிதத் தேவை சார்ந்தவை. சூறாவளி நிலையத்தை அழித்தது. அதனை மூடியே வைத்திருந்தது தேவை குறைந்தமையாகும்.

8. 1964 இற்குப் பின்னர்

கப்பற் சேவை முற்றாக நின்றுவிடவில்லை. இந்தியக் கரையின் இறங்குதுறை இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டு, இராமேசுவரம் – தலைமன்னார் சேவை நடைபெற்றது. ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற மலையக மக்கள் இவ்வழியாகவே அனுப்பப்பட்டனர். மலையகத்தில் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பர். உறவினரைப் பிரிந்து தலைமன்னாருக்குப் புறப்பட்டோரை ஏற்றிச் சென்ற வண்டியை அம்மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். பெற்றோர் ஒரு நாட்டுக்கும் பிள்ளைகள் மறு நாட்டுக்கும் உரியவரான குடும்பங்கள் நிலைய மேடைகளிற் பிரிந்தன.

இனப்பிரச்சினை தீவிரமடைந்த நிலையில் 1984 இல் கப்பற் சேவை நிறுத்தப்பட்டது. 1990 இல் யுத்தம் காரணமாக மன்னார்ப் பாதையிலும் புகையிரத சேவை நின்றது. அக்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து சிறு படகுகளிற் சென்ற அகதிகள் இராமேசுவரம், தனுஷ்கோடிக் கரைகளில் இறங்கினர். அவர்களுட் பலர் சேர்க்கப்பட்ட இடம், முன்னர் தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்ட அதே மண்டபம் ஆகும்.

யுத்தம் முடிவுற்ற பின்னர், இந்திய உதவியுடன் மன்னார்ப் பாதை மீளமைக்கப்பட்டது. 2013 மே 14 இல் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14 இல் தலைமன்னார் இறங்குதுறை வரையும் சேவை மீள ஆரம்பிக்கப்பட்டது. தனுஷ்கோடி முனைக்கு 2017 இல் வீதி திறக்கப்பட்டது. பாம்பனில் புதிய புகையிரதப் பாலம் 2025 ஏப்ரல் 6 இல் திறக்கப்பட்டது. ஆயினும் தனுஷ்கோடி நிலையத்தின் இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் பார்த்துச் செல்கின்றனர்.

9. ஒப்பீடு: நிலையங்கள் மூடப்படும் மூன்று விதங்கள்

(அ) இயற்கை அனர்த்தம் – தனுஷ்கோடி. 1964 இல் அழிந்தது. மீளத் திறக்கப்படவில்லை.
(ஆ) யுத்தம் – மன்னார்ப் பாதை, வடக்குப் பாதையின் வட பகுதி. 1990 இல் சேவை நின்றது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலும் மீண்டும் சேவை தொடங்கியது.
(இ) பொருளாதாரம் – நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை சென்ற ஒடுங்கிய பாதை. வீதிப் போக்குவரத்தின் போட்டியால் நட்டமடைந்து 1940களில் மூடப்பட்டது.

யுத்தத்தினால் மூடப்பட்ட நிலையங்கள் மீண்டன. காரணம், அவற்றைப் பயன்படுத்தும் மக்கள் தம் ஊர்களில் மீள வாழ விரும்பினர். தேவை அற்றுப்போன நிலையங்கள் மீளவில்லை. இதனைத் தேர்ச்சியுடன் எழுதும் மாணவர் விபரித்தலிலிருந்து பகுப்பாய்வுக்கு முன்னேறியவராவர்.

10. மாணவர் வழமையாக விடும் தவறுகள்

• “சூறாவளியுடன் இந்திய – இலங்கைக் கப்பற் சேவை முடிவடைந்தது” என எழுதுதல். சரியானது: தனுஷ்கோடிச் சேவை 1964 இல் முடிவடைந்தது. இராமேசுவரம் – தலைமன்னார்ச் சேவை 1984 வரை நீடித்தது.
• “சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே புகையிரதம் ஓடியது” என எழுதுதல். பயணச்சீட்டே ஒன்று. புகையிரதங்கள் இரண்டு, இடையில் கப்பல்.
• பாம்பன் பாலத்தை இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த பாலம் எனக் கருதுதல். அது இந்தியப் பெருநிலத்தையும் பாம்பன் தீவையும் இணைப்பது.
• சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தையும் பிரசாவுரிமைச் சட்டத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல். சட்டம் 1948, ஒப்பந்தம் 1964.

பயிற்சி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. தனுஷ்கோடி – தலைமன்னார் புகையிரத, கப்பல் இணைப்பு ஆரம்பமான ஆண்டு
(1) 1867 (2) 1905 (3) 1914 (4) 1924

2. தென்னிந்தியத் தொழிலாளர் தனுஷ்கோடியை அடைவதற்கு முன்னர் நோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட இடம்
(1) தூத்துக்குடி (2) மண்டபம் (3) மாத்தளை (4) பேசாலை

3. 1964 இற்குப் பின்னர் தலைமன்னார்க் கப்பல் சென்றடைந்த இந்திய இறங்குதுறை
(1) நாகபட்டினம் (2) சென்னை (3) தூத்துக்குடி (4) இராமேசுவரம்

4. பின்வருவனவற்றைக் கால ஒழுங்கில் அமைத்தால் மூன்றாவதாக வருவது
(1) பிரசாவுரிமைச் சட்டம் (2) தொழிலாளர் வருகைக்கு இந்தியா விதித்த தடை (3) சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் (4) தனுஷ்கோடிச் சூறாவளி

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (4), 4 – (3)

பகுதி II – கட்டமைப்பு வினா

(அ) தனுஷ்கோடியின் இருபுறமும் அமைந்துள்ள கடற்பரப்புக்கள் இரண்டையும் பெயரிடுக. (2 புள்ளிகள்)
(ஆ) இவ்விணைப்பு ஏற்படுவதற்குத் தேயிலைப் பயிர்ச்செய்கை எவ்வாறு காரணமாயிற்று? (4 புள்ளிகள்)
(இ) 1939 – 1964 காலப்பகுதியில் இணைப்பின் பயன்பாட்டைப் பாதிக்கக்கூடியனவாக இருந்த மாற்றங்கள் மூன்றை விளக்குக. (6 புள்ளிகள்)
(ஈ) “தனுஷ்கோடி நிலையத்தை அழித்தது சூறாவளி, மூடியே வைத்திருந்தது தேவையின்மை.” இக்கூற்றை ஆராய்க. (8 புள்ளிகள்)

(ஈ) இற்கான வழிகாட்டல்: முதலிற் சூறாவளியின் பாதிப்பை இரண்டு வாக்கியங்களில் தருக. பின்னர் பாம்பன் பாலம் 46 நாட்களில் திருத்தப்பட்டமையைச் சான்றாகக் காட்டி, தேவை இருந்தால் மீளமைத்தல் இயலும் என நிறுவுக. அடுத்து 1939 தடை, இராமேசுவரம் நிலையம் ஆகியவற்றை எடுத்துரைக்குக. மணற்றிட்டின் அபாயம் தொடர்ந்து இருந்தமையையும் குறிப்பிட்டு, கூற்று முழுமையாகச் சரியன்று, பெருமளவுக்குச் சரியானது என முடிக்கலாம். மன்னார்ப் பாதையை ஒப்பீடாகத் தந்தால் விடை மேலும் வலுப்பெறும்.

செயற்பாடு: உங்கள் பிரதேசத்தில் மூடப்பட்ட அல்லது மூடப்பட்டு மீளத் திறக்கப்பட்ட புகையிரத நிலையம் ஒன்றைத் தெரிவுசெய்க. அது திறக்கப்பட்ட ஆண்டு, பயன்படுத்தியோர், மூடப்பட்ட காரணம் ஆகியவற்றை அயலிலுள்ள முதியோரிடமும் நிலைய ஊழியரிடமும் கேட்டறிந்து, ஒருவர் கூறியதை மற்றொருவர் கூற்றுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னர், ஒரு பக்கக் கட்டுரையாக எழுதுக.